சூட்டு மீட்டரும் ஒரு படி மஞ்சளும்

என்னைப் போலப் பல் போய், காது மந்தமாகி, யாரோ ஓட்டும் காரின் பின்சீட்டில் மூட்டையாகப் போய்வருகிற என் வயசுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இளசுகளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ரேடியேட்டரில் மஞ்சள்தூளா? தாளிக்கவில்லையா?" என்று கேட்டு உருண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களைக் கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில், லஸ்ஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வக்கீல் வீடு. வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ஷெட்டு. அதில் முன்பாதி காருக்கு, பின்பாதி எங்களுக்கு. நடுவே ஒரு மூங்கில் தட்டி. என் நைனா அந்த வக்கீலின் டிரைவர். அம்மா அந்த வீட்டுக்கு மிளகாய், மல்லி, மஞ்சள் இடித்துக் கொடுப்பாள். காய்ந்த பண்டத்துக்குத் தீட்டு இல்லை என்பது வக்கீல் வீட்டு மாமி வைத்திருந்த சட்டம்.

அம்மா சாந்தோம் குப்பத்தில் பிறந்தவள். மீன் வாசனை இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் கருவாடு சுடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் எங்களுக்கு அந்தப் பாதி ஷெட்டு கிடைத்திருந்தது. அந்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள், ஆடி வந்தால் ஏழாம் மாதம். கருவாட்டு ஆசை வந்துவிட்டால் பெட்ரோல் டின்னை மோந்து பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு வாசனதான், போ" என்பாள். எனக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பிள்ளைகளை அவள் பறிகொடுத்திருந்தாள். இதையாவது கூரை ஒழுகாத இடத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பாள். ஷெட்டுக்கு மேலே ஓடு வேய்ந்திருந்தது.

கார் பழையது. சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் வக்கீலின் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. வைகாசியில் அதன் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வண்டி இரண்டு வாரம் பட்டறையில் கிடந்து வந்திருந்தது. "இன்னொரு தரம் பட்டறைக்குப் போச்சுன்னா வித்துட்டு ஜட்கா வெச்சுண்டுடுவேன்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். காரே இல்லை என்றால் டிரைவர் எதற்கு? அதனால் நைனா ஒழுகலைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி மஞ்சள்தூளை எடுத்து ரேடியேட்டரில் போட்டார். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம் அது. தண்ணீர் சூடாகும்போது தூள் ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளும்.

"இன்னாய்யா இது, கொழம்பா வைக்கப் போற?" என்று அம்மா கேட்டாள்.

"சொம்மா கெட மே. அதுக்கு ஒடம்பு சரியில்ல, மருந்து போட்டுக்கினு கீறேன்."

ஒழுகல் நின்றது. நானும் அம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். காருக்கு மஞ்சள்தான் மருந்து என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது.

ஆனியில்தான் அந்தச் சனியன் பிடித்த மீட்டர் வந்தது. வக்கீலின் தம்பிக்குச் சொந்தமான கார் ஒன்று காஞ்சிபுரம் போகும் வழியில் சூடேறி, எஞ்சின் இறுகிப் போயிற்று. அதிலிருந்து வக்கீலுக்குப் பயம். மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் சூட்டு மீட்டர் வாங்கி, டிரைவர் சீட்டுக்கு எதிரே பொருத்தச் செய்தார். வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள், ஓரத்தில் சிவப்புக் கோடு. அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று கிளம்பி ரேடியேட்டருக்குப் போகும். குழாயின் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு செப்புக் குமிழ். அந்தக் குமிழ் தண்ணீருக்குள் கிடந்து சூட்டைச் சொல்லும், முள் அதைக் காட்டும்.

அதோடு வக்கீல் பின்சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டார். எஜமான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கோர்ட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கண் கொட்டாமல் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவார். சூறைத்தேங்காய் உடைப்பதைக் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று நைனா சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஆனி மாதத்தோடு போயிற்று.

ஆடி பிறந்ததும், தியாகராய நகரில் தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைப் பார்க்க வக்கீல் புறப்பட்டார். அப்போதெல்லாம் அங்கே பாதி பொட்டல், பாதி சேறு. மேஸ்திரியும் கொத்தனார்களும் பார்த்துக்கொண்டிருக்க, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வக்கீல் வண்டியிலிருந்து குதித்தே விட்டாராம். வீட்டுக்கு வந்து ஷெட்டு வாசலில் நின்று கத்தினார்.

"முள்ளு சொல்றது, வண்டி கொதிக்கறதுன்னு. நீ என்னடான்னா ஒண்ணுமில்லேங்கறே. யாரை நம்பறது?"

"அந்த மீட்டர்ல ஏதோ பேஜாருங்க எசமான். கைய வெச்சுப் பாத்தேன், அவ்ளோ சூடு இல்லீங்க."

"மீட்டருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் கெடையாது. நோக்கு இருக்கு. ஆடி முடியறதுக்குள்ளே இதைச் சரி பண்ணு. இல்லேன்னா ஆவணி ஒண்ணாந்தேதி வேற ஆள் வந்துடுவான், ஷெட்டைக் காலி பண்ணிண்டு போயிடு."

அம்மா தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எங்கய்யா போவோம்?" என்று அன்று அவள் எத்தனை தரம் கேட்டாள் என்று எனக்குக் கணக்கில்லை.

நைனா வண்டியைப் பிரித்து மேய்ந்தார். ரேடியேட்டர் முன்னால் ஒட்டியிருந்த பூச்சிகளையும் சேற்றையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். விசிறியின் பெல்டை மாற்றினார். செப்புக் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். மறுநாள் முள் ஒழுங்காக இருக்கும். அதற்கு மறுநாள் சாந்தோமில் ஏறும், கடற்கரைச் சாலையில் சட்டென்று விழும், கோர்ட்டு வாசலில் மறுபடி துள்ளும். அது என்ன கணக்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. நைனாவுக்குச் சோறு செல்லவில்லை. கனவில்கூட முள் வருகிறது என்றார்.

அம்மா தன் வழியில் போனாள். ஆடி மாதம் அல்லவா, முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த நெரிசலில் நின்று, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் வாங்கிவந்தாள். அதை என்ன செய்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாசலில் தெளித்திருப்பாள் என்று நினைத்தேன்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து என்ன ஆகப் போகிறது?

தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. "கொழந்தையை மிஷின் கிட்டே விடாதே" என்று வக்கீல் கண்டித்திருந்தார். ஆனால் அவர் எழுந்திருக்கும் முன்பே அது முடிந்துவிடும். கிணற்றுத் தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு, பெட்டிமேல் ஏறி நின்று, மூடியைத் திருகி ஊற்றுவேன். உள்ளே விழும் தண்ணீரின் களக் களக் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வாரம் அம்மா மாமிக்காக வருஷத்து மஞ்சளை இடித்துக்கொண்டிருந்தாள். நான் சல்லடை பிடித்தேன். மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் மஞ்சள் நெடி. இடித்த மஞ்சளில் தினமும் கொஞ்சம் மடியில் முடிந்துகொண்டுபோய், ஷெட்டு மூலையில் ஒரு டப்பாவில் ஒளித்துவைத்தேன். காருக்கு உடம்பு சரியில்லை, மருந்து போட வேண்டும். நைனா மறந்துவிட்டார், நாம் போடுவோம். அவ்வளவுதான் என் புத்தி.

முதல் நாள் ஒரு பிடி போட்டேன். அன்று பார்த்து முள் ஏறவில்லை! நைனா கொஞ்சம் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இரண்டு பிடி போட்டேன். முள் எகிறியது. அப்படியானால் நோய் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்? அடுத்த நாள் மூன்று பிடி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. குணமான பிறகு சொல்லி, நைனா என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று காத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வக்கீல் தூங்கும் நேரத்தில், வண்டியை ஓட்டிப் பார்க்க நைனா அடையாறு வரைக்கும் போனார். என்னையும் ஏற்றிக்கொண்டார். "நீ முள்ள மட்டும் பாத்துக்கினே வா, அது எங்க எங்க ஏறுதுன்னு சொல்லு" என்றார். எஜமானின் இடத்தில் உட்கார்ந்து நான் முள்ளைப் பார்த்தேன். அடையாறு பாலத்தில் பாதி தூரத்தில் அது நடுங்கிக்கொண்டு மேலே கிளம்பியது. "நைனா! சேப்பு! சேப்பு!" என்று அலறினேன். பாலம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினார். இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது இறங்கி, அடிமட்டத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

"அப்பாடா, எறங்கிட்ச்சி. ஆறிப்போச்சி" என்றார் நைனா. கீழே இறங்கி, கந்தல் துணியை வைத்து மூடியைத் திருகினார்.

ஆறவில்லை. குபீரென்று கொதி தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது. மஞ்சளாக. நைனாவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. அவர் கத்தவில்லை. கந்தல் துணியை வாயில் கடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை யூனிபாரம் முழுக்க மஞ்சள் திட்டு. கொஞ்சம் கழித்து அதைப் பார்த்து, "இன்னாடா இது, வைகாசில போட்டது இன்னும் இவ்ளோ மஞ்சளாவா கீது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கையில் தோல் வழன்று தொங்கிய மனிதர், ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்தார். வழி நெடுக முள் அசையவே இல்லை. அம்மா அவர் கையைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் நான் மிச்சமிருந்த மஞ்சளை எல்லாம் கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்டினேன். ஆமாம், அதற்கப்புறமும் கொட்டினேன். இவ்வளவு மோசமான நோய்க்கு அவ்வளவு மருந்து வேண்டாமா?

நைனாவால் இனித் தானாக எதுவும் செய்ய முடியாது. மீர்சாகிப்பேட்டையில் ஓட்டை ரேடியேட்டர்களுக்கு ஈயம் பற்றவைக்கும் ஒரு பாய் இருந்தார். அவர் கையில் காலில் விழுந்து ஷெட்டுக்கே அழைத்துவந்தார். ஆடி முடிய மூன்று நாள்தான் இருந்தது.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் அம்மாவிடம் திரும்பி, "அடுப்புல ஒல கொதிக்குதாம்மா?" என்று கேட்டார். கொதித்துக்கொண்டிருந்தது. "மொதல்ல மீட்டரு யோக்கியமா இல்லியான்னு பாப்போம் நைனா. அது மேல பழி போட்டுக்கினே இருந்தா எப்பிடி?" என்றார். செப்புக் குழாயோடு மீட்டரைக் கழற்றினார். ரேடியேட்டருக்குள்ளிருந்து குமிழ் வெளியே வந்தபோது அது செம்பு மாதிரியே இல்லை. மேலே கெட்டியாக மஞ்சள் காரை கட்டியிருந்தது. பாய் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். கத்தியால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, குமிழை எங்கள் சோற்றுப் பானைக்குள் விட்டார். முள் நேராக ஏறி, ஒரு இடத்தில் நின்றது. ஆடவில்லை. பச்சைத் தண்ணீரில் விட்டார். ஒழுங்காக இறங்கியது.

"மீட்டரு தங்கம்" என்றார் பாய். "சட்ட போட்டுக்கினு கெடந்தா அதுக்கு சூடு எப்பிடித் தெரியும்? உள்ள கொதிச்சா தெரியாது, ஆறினாலும் தெரியாது. மொத நாளு அது சொன்னது நெசம். ஏதோ தண்ணி கொறைஞ்சிருக்கும், ஊத்தியிருந்தா தீர்ந்திருக்கும்." பிறகு ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். மஞ்சள் சேறு கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"நான் ஒரு பிடிதான் போட்டேன் பாய். ஒரே ஒரு வாட்டி. சத்தியமா."

"அரே நைனா, இது பிடி இல்ல. படி!"

அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோர்ட்டில் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார்.

"ஒரு பிடின்னு சொன்னே. பாய் ஒரு படிங்கறார். எது நெஜம்?"

நைனா தரையில் கிடந்த மஞ்சள் சேற்றைப் பார்த்தார்.

"தெனம் இதுக்குத் தண்ணி விடறது யாரு?"

நானும் அம்மாவும் தட்டியோரம் ஒட்டி நின்றோம். நைனா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. நான்தான் சொல்ல வேண்டும் என்பதும் புரிந்தது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாங்க எசமான்."

"மஞ்சளைப் போட்டது?"

"நான்தாங்க. பல தபா போட்டேங்க."

"அப்போ இத்தனை நேரம் பாயண்டே சத்தியம் பண்ணினது?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் வீட்டுப் பக்கம் திரும்பினார். "மஞ்சள் போட்டதுக்கு ஒன்னை அனுப்பலே. ரேடியேட்டரை ஒரு நாள்லே சுத்தம் பண்ணிடலாம். ஆனா சத்தியம் பண்ணிப் பொய் சொல்ற ஆள்கிட்டே என் உசிரைக் குடுத்துட்டு நான் பக்கத்துலே ஒக்காந்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று காலையிலிருந்து நைனா சொன்னதில் உண்மை ஒன்றே ஒன்றுதான், அந்த ஒரு பிடி. அதைத்தான் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமி வந்து அம்மாவிடம், "கொழந்தையோ நீயோ தெரியாமப் பண்ணித்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் சிரிச்சுட்டு விட்டிருப்பாரேடி" என்றாள். மாமிக்கு எப்படித் தோன்றியதோ! அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அப்போதுகூட ஓடிப்போய் வக்கீல் காலில் விழுந்திருக்கலாம். அவர் வாசல் பத்தடி தூரம்தான்.

ஆவணி ஒன்றாம் தேதி குப்பத்துக்குப் போனோம். அம்மாவின் அண்ணன் குடிசையில் ஏற்கெனவே எட்டுப் பேர். வக்கீல் நன்னடத்தைக் கடிதம் தரவில்லை. கடிதம் இல்லாத டிரைவரை எந்த பங்களாவிலும் சேர்க்கவில்லை. வெந்த கை சரியாக மடங்கவும் இல்லை. பிற்பாடு நைனா பஸ் ஒன்றில் கிளீனராக இருந்தார், அப்படியே காலத்தைத் தள்ளினார். என்னிடம் அந்த மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். ஐப்பசி மழையில், கீற்று ஒழுகிய அந்தக் குடிசையில் என் தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். உடம்பு முழுக்க ஈரம். அம்மா அவனை எவ்வளவு துணியில் சுற்றினாலும் ஈரம் போகவில்லை.

நாற்பது வருஷம் கழித்து, நைனாவும் போனபிறகு, அம்மா என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஒரு மத்தியானம் நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம கட்ட வேகாது. அந்த மஞ்ச... கோயிலு மஞ்சத் தண்ணி... நாந்தான் வண்டில ஊத்தினேன். ஆத்தா காப்பாத்துவான்னு ஊத்தினேன். ஒங்க நைனா அன்னிக்கி என்னத் திரும்பிப் பாத்தாரு பாரு, அப்பவே அவருக்குத் தெரிஞ்சிபோச்சி. என்னக் காட்டிக் குடுக்கல. எல்லாம் என்னாலதான். வூடு போனது, அவரு கை போனது, அந்தப் புள்ள போனது, எல்லாம்."

ஒரு செம்புத் தண்ணீர். அதில் கரைந்திருந்த மஞ்சள் ஒரு சிட்டிகை இருக்குமா? அதை நாற்பது வருஷம் அவள் சுமந்திருக்கிறாள். நைனா பார்த்தது அவளை இல்லை, என்னை. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வுடும்மா. தெரியாமப் பண்ணது. இன்னும் எதுக்கு அதை நெனச்சிக்கினு?" என்றேன்.

"நீ என்னிய மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் எலும்பாக இருந்த இரண்டு கைகளையும் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, மிச்சக் கஞ்சியை ஊட்டினேன்.